தேவிபட்டினத்துத் தொட்டியில சிகப்பு வெளுத்த கதை: ஒரு முழு ஆய்வு

ஜூன் கடைசி ஞாயித்துக்கிழமை சித்தி மகன் போன் பண்ணான். "அண்ணே, மீன் தொட்டியில வச்ச சிகப்புச் செடியெல்லாம் வெளுத்துப் போச்சு, பாதி அழுகுது, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்கண்ணே"ன்னான், குரலே சரியில்ல. நான் இருக்குறது உச்சிப்புளி, அவங்க வீடு தேவிபட்டினம், ராம்நாட்ல பஸ் மாறிப் போகணும். டி.டி.எஸ். மீட்டர் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பு எவ்வளவுன்னு காட்டும்), கே.ஹெச். டெஸ்ட் கிட் (தண்ணியோட கார்பனேட் கடினத்தன்மைய அளக்கும்), ஒரு தெர்மாமீட்டர் மூணையும் பையில போட்டுக்கிட்டு மறுநாளே கெளம்பிட்டேன். அந்தத் தொட்டிய மார்ச் மாசம் போட்டோல பாத்தப்ப அப்படி ஒரு சிகப்பு, மூணே மாசத்துல அது எப்படிப் போகும்னு எனக்கும் தெரிஞ்சாகணும்.

தொட்டி மூணு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மண்ணு கட்டை எல்லாம் போக தண்ணி சுமாரா 160 லிட்டர் நிக்கும். கீழ அக்வா சாயில், அதாவது தொட்டிச் செடிக்குன்னே விக்கிற மண்ணு, மேல சிகப்பு பச்சை நீலம் மூணும் கலந்த ஆர்.ஜி.பி. எல்.இ.டி. லைட், செடிக்கு சிலிண்டர் வச்ச சி.ஓ.டூ (கார்பன் டை ஆக்ஸைடு), ஜனவரியில செட் பண்ணது. செடி வந்து ரொட்டாலா மெக்ராண்ட்ரா, ரொட்டாலா ஹ்ரா, லுட்விஜியா சூப்பர் ரெட், ஆல்டர்னான்தெரா ரெய்னெக்கி மினி, ஓரத்துல கிரிப்டோகரைன் வென்ட்டி. மீனு கார்டினல் டெட்ரா இருபது, கொஞ்சம் செர்ரி இறால். நடுவுல வெள்ளையா ஒரு மணல் பாதை போட்டுருந்தான், பாக்க அழகாத்தான் இருந்துச்சு, அதப் பத்திப் பின்னாடி சொல்றேன்.

நான் போயிப் பாத்தப்ப மெக்ராண்ட்ரா கிட்டத்தட்ட இல்ல. தண்டு கருத்து நுனி சுருண்டு அடியில அழுகிக் கெடக்குது. ஹ்ரா உயிரோட இருக்கு, ஆனா நுனி இலை சின்னச் சின்னதா ஒட்டிப் போயி ஒரு மாதிரி மங்கின மஞ்சப் பச்சை. லுட்விஜியா சுமார், கீழ் இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்காலா நிக்குது. ஆல்டர்னான்தெரா மட்டும் இன்னும் ஊதாச் சிகப்பாவே இருக்கு, இலை மேல பச்சைப் புள்ளிப் பாசி ஏறியிருக்கு அவ்வளவுதான். கிரிப்டோவுக்கு ஒண்ணுமே ஆகல. கண்ணாடி ஓரமெல்லாம் முடிப்பாசி.

இந்த வரிசைய ஞாபகம் வச்சுக்கங்க, எது முதல்ல விழுந்துச்சு எது கடைசி வரைக்கும் நின்னுச்சுங்குறதுலதான் பாதி விடை இருந்துச்சு.

வேர்த்துக் கொட்டுது, சித்தி மோர் கொண்டாந்து குடுத்தாங்க, உக்காந்து அவன்கிட்ட என்னென்ன பண்ணேன்னு ஒண்ணொண்ணா கேட்டேன். மே மாசம் சிகப்பு கொறையுதுன்னு தெரிஞ்சதும் எட்டு மணி நேரமா இருந்த லைட்டை பதினோரு மணி நேரமாக்கியிருக்கான். அப்புறம் இரும்புச் சத்துதான் சிகப்புன்னு யாரோ சொன்னத கேட்டு அயர்ன் மருந்த டபுளாக்கியிருக்கான். அதுக்கப்புறம் நைட்ரேட் கம்மியானா செடி செவக்கும்னு கேள்விப்பட்டு நைட்ரேட்டை சுத்தமா நிறுத்திட்டான், நைட்ரேட் பாஸ்பேட் ரெண்டும் ஒரே பாட்டில்ங்குறதால பாஸ்பேட்டும் சேந்து நின்னுபோச்சு. கடைசியா சி.ஓ.டூ பத்தலன்னு பபிளை, அதாவது சி.ஓ.டூ குமிழி வர்ற வேகத்தை, கூட்டியிருக்கான். அவன் பண்ணது ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு, நல்லா இருக்குற தொட்டியில இதுல சிலது வேலையும் செய்யும், அதனாலதான் இத விளக்கமாவே சொல்லணும்.

செடியில சிகப்பு ஒரே வழியில வர்றதில்ல. ரொட்டாலாவுலயும் லுட்விஜியாவுலயும் இருக்குறது ஆந்தோசயனின், நம்ம நாவப்பழத்துக்கு நெறம் குடுக்குற அதே வகை. வெளிச்சம் தாங்க முடியாத அளவுக்கு அடிக்கையில செடி தன் இலைக்கு குடை மாதிரி இத உண்டாக்கிக்குது, நைட்ரஜன் கொஞ்சம் இறுக்கமா இருந்தாலும் ரொட்டாலாவுல கூடுதலா வரும், அந்தச் செய்தி அதுவரைக்கும் சரிதான். ஆனா ஆல்டர்னான்தெரா வேற குடும்பம், அது கீரைக் குடும்பம். சித்தி தொட்டிய மொதமொதல்ல பாத்தப்பவே "இது சிகப்பு பொன்னாங்கண்ணிதானடா"ன்னு சொன்னாங்களாம், அவங்க சொன்னது கிட்டத்தட்ட உண்மை. பொன்னாங்கண்ணி ஆல்டர்னான்தெரா செசிலிஸ், தொட்டியில இருக்குறது தென் அமெரிக்காவோட ரெய்னெக்கி, ஒரே பேரினம், அக்கா தங்கச்சி மாதிரி. அதோட சிகப்பு பீட்டாலெயின், பீட்ரூட்லயும் சிகப்புத் தண்டுக்கீரையிலயும் இருக்கே அது. அதுக்கு நைட்ரேட்டைக் கொறைச்சா பெருசா ஒரு லாபமும் இல்ல, பட்டினி போட்டா இலை பழுக்கும், புள்ளிப்பாசி ஏறும். நைட்ரேட்டை அஞ்சு பத்து பி.பி.எம்.ல (லிட்டருக்கு இத்தன மில்லிகிராம்ங்குற கணக்கு) பிடிச்சு வைக்கிறது வேற, சுத்தமா நிறுத்துறது வேற. கீழ் இலைல இருக்குற நைட்ரஜனைத்தான் செடி உருவி நுனிக்கு அனுப்பும், லுட்விஜியா வெறுங்காலா நின்னதுக்குக் காரணம் அதுதான். பாஸ்பேட் இல்லாததுக்கு பச்சைப் புள்ளிப் பாசி சாட்சி.

சரி, இதெல்லாம் பின்னாடி பண்ணது. மொதல்ல ஏன் வெளுக்க ஆரம்பிச்சுச்சு? மெக்ராண்ட்ராங்குறது நம்ம தென்னிந்தியாவோட சொந்தச் செடி, லேசான தண்ணியில வளந்து பழகுனது. உப்பும் காரமும் ஏறுனா மொத ஆளா விழுறது அதுதான். கிரிப்டோ வென்ட்டி இலங்கைச் செடி, கடினத் தண்ணியெல்லாம் சாதாரணமாத் தாங்கும். ஆல்டர்னான்தெராவும் தாங்கும். வெளிச்சமோ அயர்னோ பத்தாம இருந்தா இந்த வரிசையில விழாது. பையில இருந்து மீட்டர எடுத்தேன்.

தொட்டித் தண்ணி டி.டி.எஸ். 1040. கே.ஹெச். 11. தெர்மாமீட்டர் 29 டிகிரி.

அவன் நம்பவே இல்ல. "அண்ணே நான் ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்துறேன், போரு தண்ணிய தொடுறதே இல்ல, பாருங்க"ன்னு மாத்துறதுக்கு வச்சிருந்த தண்ணியக் காட்டுனான், ரெண்டு பங்கு ஆர்.ஓ., ஒரு பங்கு காவேரி குழாய்த் தண்ணி, மீட்டர்ல 150. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா முப்பது சதம் மாத்துறான். இப்படி 150 உள்ள தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா 1040 எப்படி வரும், உரம் போட்டாலும் இவ்வளவு வராது.

கொஞ்ச நேரம் தொட்டியவே பாத்துக்கிட்டு இருந்தேன். மேல ரெண்டு சின்ன ஃபேன் தண்ணி மேல காத்தடிச்சுக்கிட்டு ஓடுது. சித்திரை வெயிலுக்கு தொட்டி 32 தாண்டுதுன்னு ஏப்ரல் நடுவுல மாட்டுனதாம். அப்ப கேட்டேன், "ஃபேன் போட்டா தண்ணி கொறையுமேடா, தெனம் எவ்வளவு ஊத்துற?" அவன் முழிச்சான். "கொறையலையேண்ணே, நான் ஊத்துனதே இல்ல."

ரெண்டரை மாசமா ஃபேன் ஓடுற தொட்டியில தண்ணி கொறையலன்னா அது நடக்குற காரியமே இல்ல. சித்தி அடுப்படியில இருந்தே பதில் சொன்னாங்க: "நான்தான்ப்பா காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊத்தி விடுவேன். அவன் வேலைக்குப் போயிருவான், தண்ணி எறங்கிப் போயிக் கெடக்கும், மீனு பாவம் என்ன செய்யும்?"

எந்தத் தண்ணி சித்தின்னேன். அடுப்படிக் குழாய்ல வர்ற தண்ணி. மாடித் தொட்டித் தண்ணி. போரு தண்ணி. பிடிச்சு அளந்தேன், டி.டி.எஸ். 1800, கே.ஹெச். 16. கடல் ஒரு கூப்பிடு தூரத்துல இருக்குற ஊர்ல போரு தண்ணி அப்படித்தான் இருக்கும், பாத்திரம் கழுவ துணி தொவைக்கத்தான் ஆகும்.

ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டுனேன். ரெண்டு சொம்பும் சேந்து நாளைக்கு ரெண்டு லிட்டர். ஆவியாப் போறது வெறும் தண்ணி, உப்பு போறதில்ல, அது தொட்டியிலயே தங்கிரும். ரெண்டு லிட்டர் போரு தண்ணியில மூணரை கிராமுக்கு மேல உப்பு. பதினஞ்சு நாள்ல அம்பது கிராம், ஒரு கைப்பிடி உப்ப அள்ளிப் போட்ட மாதிரி. 160 லிட்டருக்கு அது முந்நூறு பி.பி.எம். ஏத்தும். முப்பது சதம் மாத்துனா அதுல ஒரு பங்குதான் வெளிய போகும், மிச்சம் மேல அடுத்த கைப்பிடி ஏறும். 250ல ஆரம்பிச்ச தொட்டி அஞ்சு தடவை இப்படிப் போனா ஆயிரத்தத் தாண்டும், ஏப்ரல் நடுவுல இருந்து ஜூன் கடைசி வரைக்கும் எண்ணிப் பாத்தா சரியா அஞ்சு பதினஞ்சு நாள். கண்ணாடி விளிம்புல வெள்ளையா ஒரு உப்புக்கோடு படிஞ்சிருந்துச்சு, அவன் அத மருந்துக் கறைன்னு நெனச்சிருக்கான்.

சித்தி முகம் வாடிப் போச்சு. அவங்க மேல தப்பே கெடையாது, வாயில்லா ஜீவனுக்கு தண்ணி ஊத்துனாங்க, இத அங்கேயே சொல்லிட்டேன். அவனுக்கும் சொன்னேன், தொட்டி பாக்குற எல்லார்கிட்டயும் வீட்ல யாராவது வேற தண்ணி ஊத்துறாங்களான்னு மொதல்லயே கேட்டுரணும்.

இப்ப இந்த ஒரு விஷயம் மத்த எல்லாத்தையும் எப்படிக் குழப்புச்சுன்னு பாருங்க. கே.ஹெச். ஏறுனதால பி.ஹெச். ஏறுச்சு, சாதாரண அயர்ன் மருந்துல இரும்பக் கரைஞ்ச நெலையில பிடிச்சு வைக்கிறது இ.டி.டி.ஏ.ங்குற பொருள், பி.ஹெச். ஆறரைக்கு மேல போகப் போக அது பிடி விட்டுப் போயி இரும்பு செடிக்குக் கெடைக்காது, அவன் டபுளா ஊத்துன அயர்ன் செடிக்குப் போகாம முடிப்பாசிக்குத்தான் ஒதவுச்சு. சோடியம் நெறைய இருக்குற தண்ணியில செடி பொட்டாசியம் எடுக்குறதும் கஷ்டமாகும். தண்ணியில சி.ஓ.டூ எவ்வளவுன்னு நெறத்துல காட்டுற டிராப் செக்கர் கதை இன்னும் மோசம், சொல்லப்போனா இதுதான் மீனு சாவுக்குக் கொண்டு போயிருக்கும். அந்தக் கண்ணாடிக் குப்பிக்குள்ள கே.ஹெச். 4 உள்ள தனிக் கரைசல் ஊத்தணும், அப்பதான் பச்சை நெறம்னா முப்பது பி.பி.எம். சி.ஓ.டூன்னு அர்த்தம். இவன் மே கடைசில அந்தக் கரைசல் தீந்து போச்சுன்னு தொட்டித் தண்ணியவே ஊத்தி மேல மருந்து சொட்டு விட்டிருக்கான். அன்னிக்கு தொட்டி கே.ஹெச். கொறைஞ்சது எட்டாவது இருந்திருக்கும், எட்டுல பச்சை வரணும்னா அறுபது பி.பி.எம். வேணும். குப்பி நீலமாவே நின்னுச்சு, இவன் பபிளைக் கூட்டிக்கிட்டே போனான். மத்தியானத்துக்கு மேல கார்டினல் எல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதுன்னு சொன்னான், வெயிலுக்குன்னு நெனச்சிருக்கான். அன்னிக்கே பபிளை பாதியாக் கொறைச்சோம்.

சரி பண்றதுல ஒரு அவசரமும் காட்டல. ஆயிரத்துல இருக்குற தண்ணிய ஒரே நாள்ல எறக்குனா இறாலும் டெட்ராவும் தாங்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் பதினஞ்சு சதம், அதே 150 தண்ணி. ஆவியாப் போற தண்ணிக்கு மட்டும் சுத்த ஆர்.ஓ., வாரத்துக்கு பதினாலு லிட்டர்தான், இருபது லிட்டர் கேன் ஒண்ணு வாங்குனா மிச்சமே இருக்கும். லைட் ஏழு மணி நேரம், சாயங்காலம் நாலுல இருந்து ராத்திரி பதினொண்ணு, வெயில் சூட்டோட லைட் சூடு சேராது, அவனும் வீட்ல இருந்து பாக்கலாம். சி.ஓ.டூவ லைட் போடுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தெறந்து, லைட் அணையுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மூடணும். நைட்ரேட் திரும்ப ஆரம்பிச்சு அஞ்சு பத்துக்குள்ள, பாஸ்பேட் தனியா, அயர்ன் பழைய அளவுக்கு, அதுவும் கொஞ்சம் ஏறுன பி.ஹெச்.லயும் நிக்கிற டி.டி.பி.ஏ. வகைக்கு மாத்துனோம். அழுகுன மெக்ராண்ட்ராவ எல்லாம் எடுத்துப் போட்டாச்சு. ஹ்ராவும் லுட்விஜியாவும் நுனி மட்டும் நறுக்கி மறுபடி நட்டோம், கெட்டுப்போன தண்டு எந்திரிக்கும்னு காத்திருக்குறதுல பிரயோஜனம் இல்ல.

சூடு பத்தி ஒண்ணு. ஃபேன் இங்க 28, 29க்குக் கீழ எறக்காது. காத்துல ஈரம் கம்மியா இருக்குற, கடல் தள்ளி உள்ள ஊர்கள்ல இன்னும் எறங்கும், கடக்கரையில காத்தே ஈரம், தண்ணி ஆவியாகவே யோசிக்கும். மண்டபம் பக்கம் கடல்ல கப்பாஃபைகஸ்ங்குற கடல்பாசிய வளக்குறவங்களுக்கு சூடு என்ன பண்ணும்னு நல்லாத் தெரியும், கடல் தண்ணி சூடேறுற மாசத்துல பாசிக் கெளை வெள்ளையாகி அந்த எடத்துலயே ஒடிஞ்சு விழும். தொட்டிச் செடிக்கும் சூடு ஏற ஏற மூச்சு வாங்கும், தண்ணி பிடிச்சு வைக்கிற சி.ஓ.டூவும் ஆக்ஸிஜனும் கொறையும். அதனால வெயில் மாசத்துல செடிய விரட்டக் கூடாது, லைட்டக் கொறைச்சு மெதுவா வளர விடணும்.

மூணு வாரத்துல டி.டி.எஸ். 300க்கு வந்துருச்சு, கே.ஹெச். 5. ஹ்ராவுல புது நுனி விரிஞ்சு வருதுன்னு போட்டோ அனுப்புனான். நான் முடிஞ்சதுன்னு நெனச்சேன். அடுத்த பத்தாவது நாள் "அண்ணே கே.ஹெச். 7 காட்டுது, அம்மா ஒரு சொட்டு ஊத்தல, சத்தியமா"ன்னு மெசேஜ்.

திரும்பப் போனேன். போரு தண்ணி இல்லாமயே கே.ஹெச். ஏறுதுன்னா தொட்டிக்குள்ளயே சுண்ணாம்பு கரையுது. அந்த வெள்ளை மணல் பாதை எங்க வாங்குனன்னு கேட்டேன், வாங்கலண்ணே, கடக்கரையில அள்ளி நல்லா ஏழு தடவ கழுவிப் போட்டேன்னான். கழுவுனா உப்புப் போகும், சிப்பித்தூள் போகாது. ஒரு கரண்டி மணல எடுத்துக் காய வச்சு வினிகர் ஊத்துனோம், சர்ருன்னு நுரைச்சுச்சு. சி.ஓ.டூ போற தண்ணி லேசா புளிப்பு, அது சிப்பிய மெல்ல மெல்லக் கரைக்கும். அக்வா சாயில் புதுசா இருந்த வரைக்கும் அந்தக் காரத்த உறிஞ்சிக்கிட்டு இருந்துருக்கு, போரு தண்ணி வந்து சாயிலோட சக்தியத் தீத்ததுக்கப்புறம் இது வெளிய தெரிஞ்சிருக்கு. மணல ஒரு குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தோம், அர நாள் வேல. அதுக்குப் பதிலா ஃபில்டருக்குப் போடுற சிலிக்கா மணல், அத வினிகர் ஊத்திப் பாத்துட்டுப் போட்டோம். அப்பதான் அவன், பழைய வீட்டுச் செவுத்துல இருந்து விழுந்த பவளக்கல்லு ஒண்ணு கெடக்கு, அத வைக்கலாமான்னு கேட்டான். அதுவும் முழுக்கச் சுண்ணாம்புதான், வேண்டாம்னேன். கடல்ல போயி பவளம் எடுக்குறது பத்தி நெனச்சே பாக்கக் கூடாதுன்னும் சொன்னேன், 1972 வனவிலங்குச் சட்டத்துல அது பாதுகாக்கப்பட்டது, நம்ம மன்னார் வளைகுடாவுல மிஞ்சியிருக்குறதே கொஞ்சம்.

செப்டம்பர் நடுவுல நான் போனப்ப தொட்டி வேற மாதிரி. லுட்விஜியா அடியில இருந்து நுனி வரைக்கும் இலையோட நிக்குது, ஹ்ரா மேல் பாதி ஆரஞ்சுச் சிகப்பு. ஆனா ஆர்.ஜி.பி. லைட்ட நான் முழுசா நம்புறதில்ல, அதுல இருக்குற சிகப்பு பல்பு பழுப்பு இலையக் கூட செவப்பாக் காட்டும். ஒரு நுனியக் கிள்ளி வெள்ளப் பேப்பர் மேல வச்சு ஜன்னல் வெளிச்சத்துல பாத்தோம். ஹ்ரா நெசமாவே ஆரஞ்சு. லுட்விஜியா இலையோட அடிப்பக்கம் நல்ல ரத்தச் சிகப்பு, மேல்பக்கம் இன்னும் செம்புதான். லைட்டுக்குக் கீழ பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரிஞ்சுச்சு. யாராவது செடி செவக்கலன்னு சொன்னாலும் செவந்துருச்சுன்னு சொன்னாலும் இந்தப் பேப்பர் சோதனைய நான் கேப்பேன்.

ஆல்டர்னான்தெராவுல புள்ளிப்பாசி புது இலைக்கு வரல. பழசக் கிள்ளி எடுத்தாச்சு.

மெக்ராண்ட்ராவ அவன் உடனே வாங்கணும்னு நின்னான், நான் பொறுன்னேன். ஐப்பசி மழை பிடிச்சு தொட்டி தானா 26க்கு எறங்கட்டும், மொட்ட மாடியில மொத மழைய விட்டுட்டு ரெண்டாவது மழையில இருந்து டிரம்ல பிடிச்சு வைன்னேன். பிடிச்சான், மீட்டர்ல 30க்குள்ளதான் காட்டுச்சு. அந்தத் தண்ணிய ஆர்.ஓ.வுக்குப் பதிலா கலந்து கே.ஹெச். 2ல நிறுத்தி நவம்பர்ல மெக்ராண்ட்ரா டிஷ்யூ கல்சர் கப் (லேப்ல வளத்த நாத்து) ஒண்ணு வாங்கி நட்டோம். பொங்கலுக்கு நான் போனப்ப அது தண்ணிக்கு மேல தலைய நீட்டப் பாக்குது, இலை ஒவ்வொண்ணும் கட்ட வெரல் அகலம், ஓரம் நெளிநெளியா, மாதுளம்பூ நெறம். அவன் நறுக்க மனசு வராம ஒரு வாரமா வச்சிருந்தான். நான்தான் நறுக்கி நட்டேன்.

அடுத்த மே மாசம் 30 டிகிரியில அந்த மெக்ராண்ட்ரா மறுபடி சுணங்குச்சு, அத மறைக்க மாட்டேன். சாகல, ஆனா இலை சிறுத்து வெளிறிப் போச்சு, ஆடி கழிஞ்சுதான் தேறுச்சு. தண்ணியக் குளிர வைக்கிற சில்லர் மெஷின் இல்லாம இந்தக் கரையில மெக்ராண்ட்ரா பன்னெண்டு மாசமும் அதே அழகுல நிக்கும்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஹ்ரா, லுட்விஜியா, ஆல்டர்னான்தெரா மூணும் நிக்கும், தண்ணி சரியா இருந்தா.

தொட்டிக்குப் பக்கத்துல இப்ப மூடி போட்ட ஒரு குடம் இருக்கு, ஆர்.ஓ. தண்ணி. கண்ணாடியில ஒரு கோடு மார்க்கர்ல போட்டுருக்கான். காலையில சித்திதான் அந்தக் கோட்டுக்கு ஊத்துறாங்க, அதே சொம்புல.